காயமில்லாத வலி

இடது கையைச் சற்று மடக்குங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் ஓர் எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும். அதற்கும் முழங்கையின் கூர்முனைக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தை வலக்கை விரலால் குறுக்காகத் தடவினால், கயிறு போன்ற ஒன்று விரலடியில் நழுவுவது தெரியும். அதை மெதுவாகச் சுண்டிப் பாருங்கள். (மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்க. பக்கத்து மாணவனின் கையில் சோதிக்க வேண்டாம்.) சுண்டியது முழங்கையில், ஆனால் ‘விர்’ரென்ற கூச்சம் ஓடுவதோ சுண்டு விரலிலும் மோதிர விரலின் ஒரு பாதியிலும்! விரலை யாரும் தொடவே இல்லை.

விரலிலிருந்து தண்டுவடம் வரை செல்லும் நரம்பு ஒன்று அந்தப் பள்ளத்தின் வழியே தோலுக்கு மிக அருகில் போகிறது. அல்னார் நரம்பு என்பது அதன் பெயர். அந்த நரம்பில் செய்தி எந்த இடத்தில் கிளம்பினாலும், அது விரலிலிருந்துதான் வந்தது என்றே மூளை கொள்ளும். எந்தக் கம்பி வழியாகச் செய்தி வந்தது என்பதே மூளைக்குத் தெரியும். கம்பியின் எந்தப் புள்ளியிலிருந்து வந்தது என்பது தெரியாது.

வீட்டு வாசலில் அழைப்பு மணி வைத்திருக்கிறோம். பொத்தானை யாரேனும் அழுத்தினால் உள்ளே மணி அடிக்கிறது. ஒரு நாள் சுவரோரம் செல்லும் கம்பியை எலி கடித்து, உறை கிழிந்து, இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் என்ன ஆகும்? அப்போதும் அதே மணிதான் அடிக்கும். கதவைத் திறந்து பார்த்தால் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் கம்பியைப் பார்க்க ஆளைக் கூப்பிடுவோமே தவிர, “மணி அடிக்கவே இல்லை, எல்லாம் உன் பிரமை” என்று வீட்டாரைக் கடிந்துகொள்ள மாட்டோம். ஆனால் பாதம் எரிகிறது என்று சொல்லும் பாட்டியிடம் மட்டும், பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒன்றுமே இல்லையே, எல்லாம் மனசுதான்” என்கிறோம். அறிவியல் முறைப்படி பார்த்தால் நம் ஆராய்ச்சி வாசலோடு நின்றுவிட்டது.

மேலே போவதற்கு முன் ஒரு சொல் விளக்கம். தமிழில் ‘நரம்பு’ என்ற சொல்லைப் பேச்சுவழக்கில் பலவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். புறங்கையில் பச்சையாகத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது இரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரை. ‘நரம்பு ஊசி’ என்பதும் சிரையில் போடுவதே. ‘நரம்பு சுளுக்கிக்கொண்டது’ என்பதில் சுளுக்குவது பெரும்பாலும் தசையோ தசைநாரோதான். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சுவர்களில் எழுதியிருக்கும் விளம்பரங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இக்கட்டுரையில் நரம்பு என்றால் செய்தி கடத்தும் நரம்பு மட்டுமே.

நரம்பில் ஓடுவது என்ன?

நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவது எளிது. செப்புக் கம்பியில் மின் செய்தி ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும். நரம்பில் வேகம் எவ்வளவு? ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோகான்னஸ் முல்லர், அதை அளக்கவே முடியாது என்று கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் அளந்தே காட்டினார். நாம் இயற்பியலில் படிக்கும் அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான். தவளையின் தசையோடு இணைந்த நரம்பை, தசைக்கு அருகே ஓரிடத்திலும் தொலைவில் ஓரிடத்திலும் தூண்டி, தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரங்களின் வேறுபாட்டைக் கண்டார். தூரத்தை நேரத்தால் வகுக்க, வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்று வந்தது. அதாவது விரைவு இரயிலின் வேகம்! மின்னல் வேகம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது பெரும் வியப்பாக இருந்தது.

வேகம் இவ்வளவு குறைவாக இருப்பதன் காரணம், நரம்பிழை ஒரு வெறும் கம்பி அன்று என்பதே. இழையின் மெல்லிய சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. ஓய்வில் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான அழுத்தத்தில் இருக்கிறது. 70 மில்லிவோல்ட் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர்தான். வகுத்துப் பாருங்கள்: மின்புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்! உலர்ந்த காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ட் போதும். அதைப்போல் மூன்று மடங்கு புலத்தைத் தாங்கிக்கொண்டு நம் நரம்புகள் அமைதியாக இருக்கின்றன.

சவ்வில் சோடியத்துக்கென்று தனி வாயில்கள் உண்டு. தொடுதலோ வெப்பமோ இழையின் முனையைத் தூண்டினால் அங்குள்ள வாயில்கள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கு அழுத்தம் தலைகீழாகிறது. அது அடுத்த வாயிலைத் திறக்க, அது அதற்கடுத்ததைத் திறக்க, செய்தி நகர்கிறது. கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் இதை அளந்து, சமன்பாடுகளாக 1952-இல் வெளியிட்டவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும். 1963-இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

பருத்த இழைகளுக்கு மையலின் என்ற கொழுப்புக் காப்புறை உண்டு. உறை உள்ள இடங்களைத் தாண்டித் தாண்டிச் செய்தி குதித்தோடுவதால் வேகம் கூடுகிறது. தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் பருத்த இழைகளில் வினாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை வேகம். வலிக்கென உள்ளவை இரு வகை: மெல்லிய உறை கொண்டவை வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர், உறையே இல்லாத மிக நுண்ணிய இழைகள் 2 மீட்டருக்கும் குறைவு. கால் கட்டைவிரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் முதலில் ‘சுளீர்’ என்று ஒரு வலி, ஒரு வினாடி கழித்து ‘விண் விண்’ என்று மனத்தை வதைக்கும் இன்னொரு வலி வருவதைக் கவனித்திருப்பீர்கள். காலிலிருந்து தண்டுவடத்துக்கு ஏறத்தாழ 1 மீட்டர். முதல் வலி இரயிலில் வருகிறது. இரண்டாவது நடந்து வருகிறது. நுண்ணிழைகளின் இந்த மெல்லோட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு புதிரை விடுவிக்க இது தேவைப்படும்.

கம்பியே கெட்டால்

நெருப்பைத் தொட்டால் வரும் வலி நேர்மையான வலி. வாசலில் உண்மையாகவே ஆள் நிற்கிறார். நரம்பே பழுதுபட்டால் வரும் வலி வேறு வகை. காப்புறை தேய்ந்த இடத்தில் செய்தி தடைப்படும். அடிபட்ட இடத்தில் சோடிய வாயில்கள் அளவுக்கு மீறிக் கூடி, தூண்டுவார் இல்லாமலே இழை தானாகத் துடிக்கும். வலிச் செய்திகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மிகைக் கூர்மை அடைந்துவிடும்; அதன்பின் சட்டைத் துணி உரசினாலே வலிக்கும்.

தூண்டுதல் இல்லாமல் எரிச்சல் எப்படி வரும் என்று ஐயுறுவோர் சமையலறைக்குப் போகலாம். பச்சை மிளகாய் அரிந்த கை எரிகிறது. கை சுட்டுவிட்டதா? வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் திறக்க வேண்டிய வாயில் ஒன்று நரம்பு முனைகளில் இருக்கிறது. மிளகாயின் காப்சைசின் அதைச் சாதாரண வெப்பத்திலேயே திறந்துவிடுகிறது. மூளைக்குக் கிடைப்பது ‘சுடுகிறது’ என்ற செய்தி. இந்த வாயிலை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதைவிட வியப்பானது மரபுவழி நோய் ஒன்று. நுண்ணிழைகளிலுள்ள ஒரு வகைச் சோடிய வாயில் பிறவியிலேயே எளிதில் திறந்துகொள்வதாக அமைந்தால், கைகால்கள் சிவந்து நெருப்பாய் எரியும். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004-இல் கண்டறியப்பட்டது. அதே வாயில் திறக்கவே திறக்காதபடி பழுதுபட்டால்? பாகிஸ்தானின் வடபகுதியில் சில குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களுக்கு வாழ்நாளில் வலி என்பதே தெரியாது. அவ்வாறு பிறந்த ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டுபவன். கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், எரியும் கரியின்மேல் நடப்பான். ஆய்வாளர்கள் அவனைச் சோதிக்குமுன்பே, 14 வயது நிறைவதற்குள், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுக்கு இல்லாதிருந்தது ஒரேயொரு எச்சரிக்கை மணிதான்.

அக்கி

இனி, காரணம் தெரியாத நரம்பு வலிக்கு நம் ஊரில் நாம் அடிக்கடி காணும் ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் குத்தலும் தொடங்குகின்றன. தோலில் ஒன்றுமில்லை. வாய்வு என்கிறார்கள், சுளுக்கு என்கிறார்கள், தைலம் தேய்க்கிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, முதுகிலிருந்து முன்பக்கம் வரை பட்டை போட்டதுபோல் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் எழுகின்றன. பட்டை உடலின் நடுக்கோட்டோடு நின்றுவிடுகிறது. இதுதான் அக்கி.

சின்னம்மை வந்து போனபின் அதன் வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. தண்டுவடத்தின் அருகேயுள்ள நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கும். வயதாகியோ வேறு நோயாலோ உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது, ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு அந்த நரம்பு வழியாகவே தோலுக்குப் பயணம் செய்கிறது. நரம்பு முதலில் புண்படுவதால் வலி முதலில், தோல் பிறகு. ஒவ்வொரு முடிச்சுக்கும் உடலில் ஒரு பட்டை நிலம் உரியது என்பதால் கொப்புளங்களும் பட்டையாகவே வரும். ஹென்றி ஹெட் என்ற ஆங்கில மருத்துவர் அக்கி கண்ட நோயாளிகளைக் கொண்டே இந்தப் பட்டைகளின் வரைபடத்தை 1900-இல் வெளியிட்டார். அவர் 1903-இல் தம் முன்கையின் உணர்வு நரம்பையே வெட்டி இணைக்கச் செய்து, உணர்வு எப்படித் திரும்புகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வந்தார் என்பது வேறு கதை.

நம் ஊர்களில் அக்கி வந்தால் குயவரிடம் சென்று காவி மண்ணைக் குழைத்து ‘அக்கி எழுதுவது’ வழக்கம். கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமே ஆறிவிடுவதால் காவிக்கு நற்பெயர் கிடைத்துவிடுகிறது. காவி மண் நரம்புக்குள் இருக்கும் வைரஸை எட்டாது. எழுதுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அதில் கழியும் நாட்கள்தான் என் கவலை. ஏனெனில் வைரஸை அடக்கும் மாத்திரைகள், கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். முதியவர்கள் சிலருக்குப் புண் ஆறியபின்னும் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட அந்தப் பட்டையில் எரிச்சல் நீடிக்கும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண்ணும் பாதிக்கப்படலாம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 50 வயது கடந்தோருக்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

கடைமடைப் பாதங்கள்

பாதத்துக்குச் செல்லும் நரம்பிழை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். பருத்ததன் குறுக்களவே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். இதைப் பெரிதாக்கினால், 1 செ.மீ. அகலமுள்ள குழாய் 1 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்டதற்குச் சமம். அந்தக் கோடி முனைக்கு வேண்டிய பொருள்களெல்லாம் முதுகெலும்பருகேயுள்ள உயிரணுவிலிருந்தே செல்லவேண்டும். ஆற்றில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் அல்லவா? உடல் முழுவதும் நரம்புகளுக்குக் கேடு செய்யும் நோய் எதுவாயினும் முதலில் எரிவதும் மரத்துப்போவதும் இரண்டு பாதங்களே. பிறகு மெல்ல மேலேறி, முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனிகளிலும் தொடங்கும்.

இப்படி இரு பாதங்களும் சமமாக எரிவதற்கு முதற் காரணம் நீரிழிவு. பல வீடுகளில் பாட்டியின் பாத எரிச்சல்தான் நீரிழிவின் முதல் அறிவிப்பு. வைட்டமின் பி12 குறைவு இன்னொன்று. பாலும் சேர்க்காத மரக்கறி உணவினருக்கு இது வர வாய்ப்பு அதிகம். மது, தைராய்டு குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். காசநோய்க்குத் தரும் ஐசோநயாசிட் மருந்தோடு பி6 வைட்டமினையும் சேர்த்துத் தருவது இதைத் தடுக்கவே. அதற்காக, ‘நரம்புச் சத்து மாத்திரை’ என்று கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் சரியன்று. பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஒரு பாதம் மட்டும், அல்லது ஒரு கை மட்டும் என்றால் பெரும்பாலும் வழியில் எங்கோ நரம்பு நசுங்குகிறது என்று பொருள். முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் பிட்டத்திலிருந்து கால் வரை மின்னல் வெட்டும். மணிக்கட்டில் நசுங்கினால் இரவில் கட்டைவிரல் பக்கத்து விரல்கள் மதமதத்து உறக்கம் கலையும். கையை உதறினால் சற்றுத் தணியும்.

தொழுநோயையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் கிருமி நரம்பின் காப்புறை செல்களிலேயே குடிபுகுவது. நீங்கள் சுண்டிப் பார்த்த அதே அல்னார் நரம்பு, இந்நோயில் சுண்டு விரல் தடிமனுக்கும் பருத்து, தொட்டால் வலிக்கும். வலி பிறகு மறைந்து, உணர்ச்சியே அற்றுப்போகும். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே அழுகி உதிர்வதாக மக்கள் நம்பிவந்தனர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும், விரல்கள் குறைவது பெரும்பாலும் வலியற்ற காயங்களாலேயே என்று நிறுவினர். சூடான பாத்திரத்தைப் பிடித்துச் சுட்டுக்கொள்வது முதல், உறங்கும்போது எலி கடிப்பது வரை எதையும் அவர்கள் உணரவில்லை. இன்று கூட்டு மருந்துகளால் தொழுநோய் முழுதும் குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் ஒன்று உங்கள் உடலில் இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். ஏற்கெனவே சிகிச்சை பெறுபவருக்குத் திடீரென நரம்பு வலித்தால் உடனே போக வேண்டும். காலந்தாழ்த்தினால் கை முடங்கக்கூடும்.

கருவி காண்பதும் காணாததும்

மருத்துவர் நரம்பைச் சோதிக்கும் கருவிகளில் உங்கள் பள்ளி ஆய்வுக்கூட நண்பர் ஒருவர் இருக்கிறார்: இசைக்கவை. நாம் 256, 512 ஹெர்ட்சு கவைகளைப் பயன்படுத்துகிறோம், அவர்கள் 128 ஹெர்ட்சுக் கவையை அதிரவிட்டு, கால் பெருவிரல் மூட்டில் வைத்து, “அதிர்வு தெரிகிறதா? நின்றதும் சொல்லுங்கள்” என்பார்கள். இன்னொன்று நைலான் இழை. 10 கிராம் எடையின் விசையில் வளைந்துகொடுக்குமாறு செய்யப்பட்டது. அதைப் பாதத்தில் அழுத்தி வளையும்வரை தள்ளியும் நோயாளிக்குத் தெரியவில்லையானால், அந்தப் பாதத்துக்கு முள் தைத்தாலும் தெரியாமல் போகும் இடர் உண்டு. செலவே இல்லாத இச்சோதனைகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அடுத்தது நரம்பு மின்கடத்தல் சோதனை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்ததேதான். மணிக்கட்டில் அல்னார் நரம்பைச் சிறு மின்துடிப்பால் தூண்டினால், சுண்டு விரல் தசை 2.8 மில்லிவினாடியில் துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழங்கைக்குக் கீழே தூண்டினால் 6.8 மில்லிவினாடி. இரண்டு இடங்களுக்கும் இடைத்தூரம் 220 மி.மீ. ஆனால், 220-ஐ 4-ஆல் வகுக்க வினாடிக்கு 55 மீட்டர். கையில் 50-க்கு மேல் இருந்தால் பொதுவாக நலம். ஒரே இடத்தில் தூண்டினால் போதாதா? போதாது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி மாறுவதற்கும் சிறிது நேரம் ஆகிறது. இரு அளவுகளைக் கழித்தால் அது நீங்கிவிடும். ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பச் சோதனையில் முனைத் திருத்தத்தை நீக்க இரண்டு நீளங்களைக் கழிக்கிறோமே, அதே தந்திரம்.

இப்போது அந்தப் புதிர். பாதம் தீயாய் எரிகிறது என்பவருக்கு இச்சோதனை செய்து, “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று அறிக்கை வருவதுண்டு. நோயாளி பொய் சொல்கிறாரா? கருவி அளப்பது எதை என்று கேளுங்கள். பருத்த, உறையுள்ள, வேகமான இழைகளின் துடிப்பைத்தான் அது பதிகிறது. வலியையும் வெப்பத்தையும் கொண்டுவரும் நுண்ணிழைகளின் துடிப்பு மிகச் சிறியது, மிக மெதுவானது. கருவியின் கண்ணில் படாது. நுண்ணிழைகள் மட்டும் கெட்டிருந்தால் அறிக்கை சுத்தமாகவே வரும். தோலிலிருந்து 3 மி.மீ. வட்டத் துணுக்கு எடுத்து, நுண்ணோக்கியில் இழைகளை எண்ணிப் பார்க்கும் முறை இதற்கென்று இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் செய்கிறார்கள். மீட்டர் அளவுகோலால் முடியின் தடிமனை அளக்க முடியவில்லை என்றால் முடிக்குத் தடிமனே இல்லை என்று எந்த இயற்பியல் மாணவனும் எழுதமாட்டான்.

மனக்கவலை வலியைக் கூட்டும் என்பது உண்மை. உறக்கம் கெட்டாலும் கூடும். அது எல்லா வலிக்கும் பொருந்தும்.

எப்போது மருத்துவரிடம்?

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. முகத்திலோ கைகாலிலோ ஒரு பக்கம் மட்டும் திடீரென மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது மூளைக் குருதிக்குழாயின் அடைப்பாக இருக்கலாம். உறைவைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே கெடு. 108-ஐ அழையுங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு இடக்கையில் பரவும் வலியும் அப்படியே. அதன் ஊற்று கையில் இல்லை, இதயத்தில். இரு கால்களிலும் தொடங்கிய மதமதப்போடு, எழுந்து நிற்க முடியாத பலவீனமும் சேர்ந்து சில நாட்களில் மேலேறினால் அது கியான்-பாரே நோயாக இருக்கலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஓய்ந்த சில வாரங்களில் இது இளைஞருக்கும் வரும். மூச்சுத் தசைகளையும் பிடிக்கக்கூடியது. முதுகுவலியோடு, உட்காரும் இடத்தைச் சுற்றி உணர்ச்சி அற்று, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனால் அன்றைய தினமே மருத்துவமனையில் இருக்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு இரவைக் கடத்துவதால் வாழ்நாள் முழுதும் துன்பப்பட நேரிடலாம்.

அவ்வளவு அவசரமில்லாத, ஆனால் தள்ளிப்போடக் கூடாதவை: ஒரு பக்கப் பட்டையாக எரிச்சல், பொத்தான் போடவும் பேனா பிடிக்கவும் முடியாத தடுமாற்றம், உறக்கத்தைக் கெடுக்கும் முதுகுவலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீங்காத எரிச்சல் அல்லது மரமரப்பு. சப்பணமிட்டு உட்கார்ந்து கால் மரத்து, எழுந்து நடந்ததும் சில நிமிடங்களில் தெளிந்தால் அதற்கு மருத்துவர் வேண்டாம்.

போகும்போது என்ன சொல்வது? ‘வலிக்கிறது’ என்பது போதாது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வலியை விவரிக்க 78 சொற்கள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். தமிழருக்கு அந்த எண்ணிக்கை பெரிதில்லை. கடுப்பு, உளைச்சல், குடைச்சல் எனில் தசையையோ மூட்டையோ நினைக்கலாம். எரிச்சல், ஊசிக் குத்தல், எறும்பு ஊர்தல், மின்னல் வெட்டு, துணி பட்டாலே கூச்சம் எனில் மருத்துவரின் மனம் நரம்பை நோக்கித் திரும்பும். இதோடு, எங்கே தொடங்கி எங்கே ஓடுகிறது, ஒரு பக்கமா இரு பக்கமா, இரவில் கூடுகிறதா, என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, உடம்பின் படம் ஒன்று வரைந்து வலியிடத்தை நிழலிட்டுக் கொண்டுபோவது நலம். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எழுதித் தர உங்களால் முடியும்.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வாங்கும் மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரும்பாலும் பயன்படா. அவை வாசலில் நிற்பவரைத் துரத்தும் மருந்துகள். அவற்றைக் கைப்பிடி கைப்பிடியாக விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வோர் உண்டு. நரம்பு வலிக்கு மருத்துவர் எழுதும் சீட்டைப் பார்த்து, “இது வலிப்பு நோய்க்குத் தரும் மாத்திரை ஆயிற்றே!”, “இது மனச்சோர்வு மருந்தாமே!” என்று மருந்துக் கடையிலேயே திகைத்துத் திரும்பி வந்துவிடுகிறார்கள். காபபென்டின், பிரிகாபலின், கார்பமசிபின் ஆகியவை வலிப்புக்கென வந்தவை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென வந்தது. வலிப்பு என்பதும் நரம்பணுக்கள் கட்டுமீறித் துடிப்பதுதான்; அங்கே துடிப்பை அடக்கும் மருந்து இங்கேயும் அடக்குகிறது. கார்பமசிபின் சோடிய வாயிலை மட்டுப்படுத்துகிறது. முதல் இரண்டும் நரம்பு முனையிலுள்ள கால்சிய வாயிலோடு தொடர்புடைய பகுதியில் அமர்கின்றன. அமிட்ரிப்டிலின், வலியைக் கீழ்நோக்கி அடக்கும் மூளையின் சொந்த ஏற்பாட்டுக்கு வலுவூட்டுகிறது. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். முதலில் தூக்கக் கலக்கம் இருக்கும். சைக்கிள் ஓட்டுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், நிறுத்தும்போது சிறிது சிறிதாகக் குறைப்பதும் மருத்துவர் சொல்கிறபடிதான்; வலி நின்றுவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது.